கிளாரினெட்டோடு கல்வராயன் மலைக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பேருந்து ஊரைத் தாண்டியதுமே கரும்புக்குள் நுழைந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு, இடையிடையே குச்சிக்கிழங்கு, மக்காச்சோளம். கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இந்தக் கரும்பை நம்பித்தான் நடக்கிறது. ஜன்னலோரம் என் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் கிளாரினெட் பெட்டி, அதன்மேல் சான்றிதழ்கள் அடங்கிய ஃபைல். பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்திருக்கிறான். அதில் பெரும்பகுதி பேண்டில் கழிந்தது. வயது முப்பத்தாறு. படையில் வாசித்த கருவி படைக்குச் சொந்தம். வெளியே வரும்போது ஒப்படைத்துவிட வேண்டும். மடியில் இருந்தது அவன் தன் காசில் வாங்கியது.

அவனுக்கு இசை படிக்க வேண்டும். வேலைக்குப் போகும் முன் பொழுதைக் கழிக்க அல்ல. முறையாக, ஒரு கல்லூரியில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, பட்டம் வாங்கிப் படிக்க வேண்டும். வெள்ளிமலைப் பக்கம் அவனுக்கு மூத்தவர் ஒருவர் இருக்கிறார். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். வேறொரு படைப்பிரிவின் பைப் பேண்டில் பேக்பைப் வாசித்துச் சுபேதாராக ஓய்வுபெற்றவர். அவரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கலாம் என்று கிளம்பினான். எனக்கும் பள்ளி விடுமுறை. கூடப் போனேன்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் விழுப்புரம்தான். இசை படிப்பதற்கு இன்றைக்கும் விழுப்புரமோ சேலமோதான் போக வேண்டும். இரண்டு ஊர்களிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்றாண்டுப் படிப்புகள். நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகிய மூன்றுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும் என்ற விதி எனக்கு எப்போதும் பிடித்தது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மேளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அதே விதிமுறையில் இன்னொரு வரியும் உண்டு: சேர வருகிறவரின் வயது 12 முதல் 25க்குள் இருக்க வேண்டும்.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து, பென்ஷனுக்குத் தேவையான பதினைந்து ஆண்டைத் தாண்டி வெளியே வருகிற எந்தச் சிப்பாய்க்கு இருபத்தைந்து வயது இருக்கும்?

கோமுகி அணை தெரிந்ததும் தம்பி ஃபைலைத் திறந்தான். அதில் அவன் பெருமையாக வைத்திருக்கும் தாள் ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு முடித்து, படையில் பதினைந்து ஆண்டுக்குக் குறையாமல் பணியாற்றியவர்களைப் பட்டதாரிக்கு இணையாகக் கருதி மத்திய அரசின் ‘சி’ பிரிவு வேலைகளுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று 1986 முதல் ஒரு விதி இருக்கிறது. அந்த அடிப்படையில் கொடுத்த சான்றிதழ் அது. வங்கிக்கோ ரயில்வேக்கோ விண்ணப்பம் போடும்போது அதற்கு மதிப்பு உண்டு. கல்லூரி வாசலில் அதை நீட்டினால் கதை வேறு. இளநிலைப் படிப்பில் சேர பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். முதுநிலைக்குப் போனால் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தைக் கேட்பார்கள். இந்தத் தாளை நம்பிக் கல்லூரிக்குப் போகலாம் என்று நினைக்கிற முன்னாள் படைவீரர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வேலைக்கான சமநிலை வேறு, படிப்புக்கான தகுதி வேறு. என் தம்பி பணியில் இருக்கும்போதே தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதி முடித்தது அவன் செய்த நல்ல காரியம்.

ஓய்வுபெறும் சிப்பாய்க்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பணியின் கடைசிக் காலத்தில் மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1986இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் ஆயிரக்கணக்கானோருக்குக் காவல் பணி வாங்கிக் கொடுக்கிறது. ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் முப்பது விழுக்காடு மானியமும் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்குப் பிரதமர் பெயரில் உதவித்தொகை இருக்கிறது. கல்லூரிச் சேர்க்கையில் முன்னாள் படைவீரரின் வாரிசுகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், படைவீரரின் பிள்ளை படிப்பார், படைவீரர் காவலுக்கு நிற்பார் அல்லது கடை வைப்பார் என்ற எண்ணம்தான் அடியில் ஓடுகிறது. முப்பத்தாறு வயது ஆள் தானே படிக்க வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்குகிறது. காற்று மாறுகிறது, பேருந்தின் சத்தமும் மாறுகிறது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி என்று கணக்குச் சொல்வார்கள். கொடைக்கானலைப் போல உச்சியில் ஒரு நகரம் உட்கார்ந்திருக்கும் மலை அல்ல. மடிப்பு மடிப்பாகக் குன்றுகள், இடையில் சாமை விளையும் சரிவுகள், புளி, கடுக்காய் மரங்கள், தள்ளித் தள்ளிச் சிற்றூர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது இந்த மலையின் பெயரும் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. பேருந்தில் எங்களோடு வந்தவர்கள் ரேஷன் அரிசியும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் மக்கள். அந்த ஒரு செய்தியால் மட்டும் இவர்களை அறிந்துகொண்டவர்கள் ஒருநாள் இந்தப் பேருந்தில் ஏறி வர வேண்டும்.

ஏறும்போது தம்பி தன் பேண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தான். வெளியில் இருப்பவர்களுக்கு ராணுவ பேண்ட் என்றால் குடியரசு தின அணிவகுப்பும், ஜனவரி 29 அன்று தில்லி விஜய் சௌக்கில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியும்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பின்னால் மத்தியப் பிரதேசத்தில், சாத்புரா மலைமேல் உள்ள பச்மடியில் ஒரு பள்ளி இருக்கிறது. ஜெனரல் கரியப்பா தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில், 1950இல் தொடங்கியது. மெட்ராஸ் ரெஜிமெண்டோ கூர்க்காவோ, நாட்டின் எந்தப் படைப்பிரிவின் பேண்டாக இருந்தாலும் தேர்ந்த பயிற்சிக்கு அங்கேதான் போக வேண்டும். ஐந்து கோட்டில் எழுதிய மேற்கத்திய இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். போர் வந்தால் பேண்ட்காரர்கள் கருவியை வைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்குவார்கள். காயம்பட்டவர்களைக் களத்திலிருந்து கொண்டுவருவது அவர்கள் வேலை. அதனால் முதலுதவிப் பயிற்சியும் உண்டு.

“நிமிஷத்துக்கு நூத்தி இருபது அடி, அக்கா. நடந்துக்கிட்டே வாசிக்கணும். மழையோ பனியோ, காலு மாறக்கூடாது.”

இந்த ஒன்றுக்காகவே எந்த இசை ஆசிரியரும் இவனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. காலப்பிரமாணம் அசையாமல் நிற்க வேண்டும் என்பதற்காக எத்தனை மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் சரளி வரிசையையும் அலங்காரத்தையும் மூன்று காலத்திலும் பாடிப் பழகுகிறார்கள்! இவனுக்கு அது உடம்பில் ஊறியிருக்கிறது. விடியற்காலையில் எழுவது, ஒரே பகுதியை நூறு தடவை வாசிப்பது, பக்கத்தில் இருப்பவனின் ஒலியைக் கேட்டுத் தன் ஒலியை அடக்குவது எல்லாம் சேர்ந்தே வருகின்றன. சேர்க்கையின்போது சுருதி, தாளம், குரல் பார்ப்பார்கள். சுருதியிலும் தாளத்திலும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இவன் இளைத்தவனாக இருக்க மாட்டான்.

வெள்ளிமலை, கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம். கரியாலூருக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் இங்கே நின்று டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். சுபேதார் பேருந்து நிறுத்தத்துக்கே வந்திருந்தார். தம்பி விறைப்பாக நின்று “ராம் ராம், சாப்” என்றான். அவர் அவன் தோளைத் தட்டிவிட்டு என்னிடம், “வாங்கம்மா, நடந்தே போயிடலாம், கிட்டத்தான்” என்றார். கிட்டத்தான் என்று மலையில் சொன்னால் கொஞ்சம் தூரம் நடக்கத் தயாராக வேண்டும்.

நடக்கும்போது அவர் சொன்ன பழைய கதையைத் தனியாகவே எழுதலாம். இந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற பெயர்களில் மூன்று ஜாகீர். நாடு விடுதலை பெற்றுக் கால் நூற்றாண்டு கடந்த பிறகும் மலைமக்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976இல்தான் அரசு மலையை எடுத்துக்கொண்டது. “எங்க அப்பா அவங்க நிலத்துல உழைச்ச ஆளு. நான் பட்டாளத்துல சேர்ந்தப்ப, சம்பளம்னு மாசாமாசம் காசு வருதுன்னு அவரால நம்பவே முடியல” என்றார்.

வீட்டுத் திண்ணையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்ட பிறகு பேச்சு படிப்புக்கு வந்தது. தம்பி ஃபைலைப் பிரித்தான். சுபேதார் அதைத் தொடவில்லை.

“காகிதம் எதுக்குன்னு முதல்ல சொல்லு.”

தம்பி கொஞ்சம் யோசித்து, “முறையா கத்துக்கணும், சாப்” என்றான்.

“அதுக்கு வாத்தியார் வேணும். காகிதம் எதுக்கு?”

இந்தக் கேள்வியை எல்லோரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரிகளின் பெயர்கள் பெரியவை. சென்னை அரசு இசைக் கல்லூரி 1949இல் மத்திய கர்நாடக இசைக் கல்லூரியாகத் தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வர். திருவையாற்றிலும் மதுரையிலும் கோவையிலும் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. 2013இல் இசைக்கும் கவின்கலைக்கும் என்றே ஒரு பல்கலைக்கழகம் வந்தது. சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1929இல் தொடங்கிய இசைக் கல்லூரிதான் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறையாகத் தழைத்தது. டைகர் வரதாச்சாரியாரும் தண்டபாணி தேசிகரும் தலைமையேற்ற துறை அது. மேற்கத்திய இசை என்றால் சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைப்பள்ளி. இந்தப் பெயர்களைக் கேட்டதும் மனம் அங்கேயே போய்விடுகிறது. ஆனால் கள்ளக்குறிச்சியில் வீடும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும், பென்ஷனும் இருக்கிற ஒருவன் மூன்று வருடம் திருவையாற்றில் அறை எடுத்துத் தங்கினால் வீட்டில் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். விண்ணப்பக் குறிப்பேட்டில் முதலில் பார்க்க வேண்டியது வயது வரம்பு. இரண்டாவது, வகுப்பு எத்தனை மணிக்கு என்பது. மூன்றாவது, தன் கருவிக்கு அங்கே ஆசிரியர் உண்டா என்பது. கல்லூரியின் புகழ் இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

சுபேதாருக்கு அவருடைய பதில் இருந்தது. ஓய்வுபெற்று வந்ததும் அவர் மலையிறங்கிப் போய்த் தியாகதுருகம் பக்கம் ஒரு நாதஸ்வர வித்வானிடம் வாரத்தில் இரண்டு நாள் கற்றுக்கொண்டார். எந்தத் தேர்வும் எழுதவில்லை. பேக்பைப் வாசித்தவருக்கு நாதஸ்வரம் முழுக்க அந்நியமில்லை. பேக்பைப்பின் குழாய்கள் விடாமல் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது போலத்தான் நாதஸ்வரத்தோடு ஒத்து ஊதுகிறார்கள். தோல்பையில் காற்றை நிரப்பிச் சுருதி கொடுக்கும் துத்தி நம் ஊர்ச் சதிர்க் கச்சேரிகளில் இருந்த கருவிதான். “ஸ்காட்லாந்துக்காரன் கருவின்னு சொல்லிக் குடுத்தாங்க. இங்க வந்து பார்த்தா நம்ம ஊர்லயும் அதுக்குச் சொந்தக்காரன் இருக்கான்” என்று அவர் சொன்னபோது அந்த முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் மறக்க மாட்டேன். இப்போது கீழே கூத்து நடக்கிற ஊர்களிலிருந்து முகவீணை வாசிக்கவும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

தம்பியின் கேள்வி அவரால் தீர்க்க முடியாத இடத்தில் இருந்தது. கிளாரினெட்டை எடுத்து ஓர் அணிவகுப்பு இசையை வாசித்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். சுத்தமான வாசிப்பு, ஒவ்வொரு சுரமும் அதன் இடத்தில் நின்றது. முடித்ததும் சுபேதார், “இப்ப சங்கராபரணம் கொஞ்சம் ஊது” என்றார். ஆரோகணம், அவரோகணம் வந்தது. “இன்னும் போ” என்றார். தம்பி நிறுத்திவிட்டான்.

“எழுதி வெச்சிருந்தா எதையும் வாசிப்பேன், சாப். எழுதாததை வாசிக்கப் பயமா இருக்கு.”

இவன் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த ஒரு பதிலில் இருக்கிறது. பேண்டில் நாற்பது பேர் சேர்ந்து ஒரே தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள். ஒருவன் தன் மனப்போக்கில் ஒரு சுரத்தைக் கூட்டினால் அது பிழை. நம் மேடையில் தாளில் இல்லாதவைதான் கலைஞனை அளக்கின்றன: ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம். ஒருவரைக் கீழ்ப்படியப் பழக்கிய பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, தானாக ஒன்றைச் சொல் என்று கேட்டால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். கருவியும் ஒரு தடை. கிளாரினெட்டின் சாவிகள் சுரங்களைத் தனித்தனியாக வெட்டிக் கொடுக்கின்றன. தோடியின் காந்தாரத்தை அசைக்க வேண்டுமென்றால் உதட்டாலும் மூச்சாலும் விரலாலும் அந்த வெட்டை மறைக்க வேண்டும். அது முடியாத காரியமல்ல. சதிர்க் கச்சேரிக்குப் பக்க வாத்தியமாக வந்த கிளாரினெட்டைத் தனிக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் ஏ.கே.சி. நடராஜன். அவர் நாதஸ்வரமும் அறிந்தவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ராணுவ பேண்டுக்கும் நம் இசைக்கும் உறவு இல்லாமலில்லை என்று நான் சொன்னேன். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் தங்கியிருந்த காலத்தில் கோட்டையின் பேண்ட் இசையைக் கேட்டவர். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவை முப்பதுக்கும் மேல் இருக்கின்றன, எல்லாமே சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றில் ஒன்று. 1893இல் சின்னசாமி முதலியார் கீழ்நாட்டு இசையை மேற்கத்தியக் குறிப்பில் அச்சிட்டார். அவர் தூண்டுதலால் சுப்பராம தீட்சிதர் எழுதத் தொடங்கிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் எட்டயபுரத்தில் வெளிவந்தபோது, கமகங்களுக்கென்றே தனி அடையாளக் குறிகள் அதில் இருந்தன. தாளைப் படிக்கப் பழகிய ஒருவன் நம் இசைக்குள் நுழைய இருநூறு ஆண்டுகளாகவே ஒரு வழி போடப்பட்டிருக்கிறது.

தம்பி முதல் நோட்டு ஸ்வரத்தை வாசித்தபோது சுபேதார் முகவீணையில் சேர்ந்துகொண்டார். சுருதி சேரவில்லை. பி-ஃபிளாட் கிளாரினெட்டின் வீட்டுச் சுரம் நம் கணக்கில் ஆறரைக் கட்டை. நாதஸ்வரத்தோடு உட்கார வேண்டுமென்றால் இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு மாற்றிப் பழக வேண்டும். படைக்காரனுக்கு அது கணக்குப் போட்டால் வந்துவிடுகிற வேலை. கொஞ்ச நேரத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி அன்று மாலை நான் அவர்களிடம் சொன்னேன். 1944இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. போரிலிருந்து திரும்புகிறவர் எந்தப் படிப்புக்குப் போனாலும் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் அரசு தரும். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. டேவ் புருபெக் ஐரோப்பியப் போர்முனையிலிருந்து திரும்பி, கலிஃபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் தாரியுஸ் மீயோவிடம் இசையமைப்புப் படித்தார். கடற்படையில் இருந்த ஜான் கோல்ட்ரேன் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சிறிய இசைப்பள்ளியில் சேர்ந்து டென்னிஸ் சாண்டோலியிடம் கற்றார். 1945இல் பாஸ்டனில் தொடங்கிய, இன்று பெர்க்லி என்று உலகம் அறிந்த கல்லூரி வளர்ந்ததில் அந்தப் படைவீரர் மாணவர்களுக்குப் பங்கு உண்டு. புருபெக்கும் கோல்ட்ரேனும் புகழ்பெற்ற கல்லூரிகளைத் தேடி அலையவில்லை என்பதைத் தம்பி கவனித்தான். இரண்டு பேரும் ஆசிரியரைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு இப்போது அவசரமாகிவிட்டது. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் முதலில் சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டு முடித்து வெளியே வரும் காலம் 2026 முடிவிலும் 2027 தொடக்கத்திலும் வருகிறது. நான்கில் ஒரு பங்குபேரைத்தான் படை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் பென்ஷன் இல்லாமல், பதினொன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான சேவை நிதியோடு, இருபதுகளின் முற்பகுதியில் ஊர் திரும்புவார்கள். அவர்களில் பேண்ட்காரர்களும் இருக்கலாம், பாடத் தெரிந்தவர்களும் இருக்கலாம். இசைப்பள்ளியின் இருபத்தைந்து வயது வரம்பு அவர்களில் பலருக்குத் திறந்திருக்கும், ஆனால் ஓரிரு ஆண்டுதான். யோசித்துக்கொண்டே இருந்தால் அந்தக் கதவு மூடிவிடும். படையில் கழித்த ஆண்டுகளை அந்த வரம்போடு கூட்டிக்கொடுப்பது ஓர் அரசாணையால் ஆகக்கூடிய காரியம். அரசு வேலைகளில் முன்னாள் படைவீரருக்கு வயதுத் தளர்வு கொடுக்கும் நாடு, நாதஸ்வரம் கற்றுக்கொள்வதற்கும் அதைக் கொடுக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள்: அறநிலையத்துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில் வாசிக்கும் வேலைக்கான அறிவிப்புகளில் பொதுவாக 45 வயது வரை விண்ணப்பிக்கலாம். அந்த வேலைக்கு இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கிறார்கள். நாற்பத்தைந்து வயது வரை வேலை உண்டு, அதற்கான படிப்பு மட்டும் இருபத்தைந்தோடு முடிந்துவிடுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சுபேதாரின் மனைவி மிளகு தட்டிப் போட்ட கடுங்காப்பி கொண்டுவந்தார். தம்பி காகிதம் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது பதில் சொன்னான். அவனுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலும் இந்த மலையிலும் பேண்ட் வாத்தியம் கற்றுக்கொடுக்க ஆளில்லை. உண்டு உறைவிடப் பள்ளிகளில் சுதந்திர தினத்துக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறார்கள். பள்ளிக்குள் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் சான்று வேண்டும்.

“அப்ப சின்னதா ஆரம்பி” என்றார் சுபேதார்.

அதற்கும் வழி இருக்கிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், தையலோடு இந்திய இசையும் ஒரு பாடம். கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படிகள். தனியாக ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொண்டு தனித்தேர்வராக எழுதலாம். மேற்கத்தியப் பக்கம் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வுகளை வயது பார்க்காமல் எழுதலாம். குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த பேண்ட்காரனுக்கு அதன் கீழ்ப்படிகள் கடினமல்ல. பட்டப் படிப்பு இவற்றுக்குப் பிறகு வரட்டும். அதற்குள் எழுதாததை வாசிக்கும் பயம் போகிறதா என்றும் தெரிந்துவிடும்.

இரவு அங்கேயே தங்கினோம். காலையில் இறங்கும் பேருந்தில் குச்சிக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. தம்பி ஃபைலின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தான். தியாகதுருகம் வித்வானிடம் செவ்வாய், வெள்ளி என்று நாள் கேட்பது. அடுத்த கீழ்நிலைத் தேர்வுக்கான அறிவிப்பு வந்ததா என்று பார்ப்பது. வயதுத் தளர்வு கேட்டுக் கலை பண்பாட்டுத் துறைக்கும் முன்னாள் படைவீரர் நலத்துறைக்கும் மனு எழுதுவது; அதில் தன் பெயரோடு வெளியே வரப்போகிற அக்னிவீரர்களையும் சேர்த்துக் குறிப்பிடுவது. சிதம்பரத்துக்கு ஒருமுறை நேரில் போய், கிளாரினெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, துறைத் தலைவரிடம் பேசிப் பார்ப்பது. கச்சிராயபாளையம் வந்ததும் நிமிர்ந்து, “மனுவை நீதான் எழுதித் தரணும், அக்கா. எனக்கு ஆபீஸ் தமிழ் வராது” என்றான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதும் உட்கார்ந்துவிடலாம் என்றேன்.